பாட்டுக்கு அடியில் தாத்தா பேசியது

கடையிலிருந்து,
செவ்வாய், மதியம்

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கீழே வரும். அங்கே நீயும் உன் கழுத்துவலியும் சௌக்கியம்தானே, அது உன்னோடு குடிவந்து எவ்வளவு நாளாகிறது, இனி அதையும் குடும்ப அட்டையில் சேர்த்துவிடலாம். தலையணையை மாற்று என்று நான் சொன்னால் கேட்கமாட்டாய், உன் அலுவலகத்தில் யாராவது வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் கேட்பாய், சரி போகட்டும்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லித் தீர்த்துவிடுகிறேன், தள்ளிப்போட்டால் தைரியம் வராது. போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, விழா வீடியோ பார்த்தேன் அம்மா, தாத்தா சும்மா ராஜா மாதிரி இருக்கார் என்றாயே, அதே வீடியோவில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிற இடத்தில், மேடை மேசைக்கு அடியிலிருந்து அரக்கு நிறத்தில் பெரிதாக ஏதோ ஒன்று பின்பக்கமாகவே ஊர்ந்து வெளியே வருகிறது, அது என்னம்மா, சோபாவை இழுக்கிறார்களா என்று கேட்டாய். சோபா இல்லை. அது உன் அம்மா. முகம் தெரியவில்லை என்று கொஞ்சம் ஆறுதல்பட்டிருந்தேன், அதற்குள் உன் அத்தை அந்த இடத்தில் மட்டும் வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்து, அண்ணி அந்தக் கலர் உங்களுக்கு ரொம்ப எடுப்பா இருக்கு என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டாள். ஐம்பத்து மூன்று வயதில், இரண்டு முழங்காலும் என் பேச்சைக் கேட்காத நிலையில், ஊரே உட்கார்ந்திருக்கும்போது நான் எதற்கு மேசைக்கு அடியில் தவழ்ந்தேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் சொல்லலாம் என்றால் நம் வீட்டில் ஃபோன் என்பது பொதுக்கூட்டம், உங்க அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் தோளுக்குப் பக்கத்தில் நிற்பார், தாத்தா அறையில் இருமலை அடக்கிக்கொண்டு கேட்பார். அதோடு நீ பார்த்த வீடியோவில் தாத்தாவின் வாய்தான் அசைகிறது, நீ கேட்டதெல்லாம் பாட்டு. நம் குடியிருப்போர் சங்கத்தில் யாரோ பேச்சை எடுத்துவிட்டு முரசும் புல்லாங்குழலுமாக ஒரு எழுச்சி இசையைப் போட்டுவிட்டார்கள். அந்தப் பாட்டுக்கு அடியில் தாத்தா என்ன பேசினார் என்று உனக்கு ஒருத்தர் சொல்ல வேண்டும், எனக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை.

உன்மேல் குற்றம் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. நீ அவர் பிறந்தநாளுக்கு அந்தப் பழைய படத்தைப் போட்டாய், விமானத்தின் மூக்கில் சாய்ந்துகொண்டு, தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, முப்பது வயதுகூட ஆகாத முகத்தோடு நிற்பாரே அந்தப் படம், கீழே எங்கள் வீட்டு வீரர் என்று எழுதினாய். பாசத்தில் செய்தது. அது கைமாறிக் கைமாறி நம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கண்ணில் விழுந்துவிட்டது. அவர்தான், நன்றியுரை. எந்தக் கூட்டமானாலும் கடைசியில் எழுந்து வந்தவர்களுக்கு நன்றி, வராதவர்கள் மனசால் வந்ததற்கு நன்றி, மின்சாரம் நின்றுபோகாததற்கு நன்றி என்று ஆரம்பித்து ஜனங்கள் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போன பிறகும் காலி நாற்காலிகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருப்பாரே, அவரேதான். ஓட்டமாக நம் கோப்பைக் கடைக்கு வந்தார். இப்படி ஒரு சண்டை விமானி தினமும் நம்ம தெருவுல பால் பாக்கெட் வாங்கிட்டுப் போறாரு, நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே அக்கா என்று என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். விழா எடுக்கப் போகிறார்களாம், மண்டபம் பேசியாயிற்றாம், ஒரு பெரிய அதிகாரி வருகிறாராம், தெருவுக்குத் தாத்தா பேரையே வைக்கப் போகிறார்களாம். கேடயம் வேறு யாரிடம் செய்வது, உங்களிடமே செய்யலாம் என்று வாசகத்தை எழுதி என் கையில் திணித்தார். அரைப் பக்கத்துக்கு இருந்தது, அதில் வீரர் என்கிற சொல் மட்டும் ஏழெட்டுத் தடவை வந்தது.

எனக்கு அந்தச் சொல் ஒன்றும் புதிதில்லை பொடிசு. இந்த வட்டாரத்தில் வீரர்கள் எல்லாம் என் இயந்திரத்தில்தான் பிறக்கிறார்கள். கேரம் வீரர், கயிறு இழுக்கும் வீரர், ஒரு நாளும் லீவு போடாத வீரர். போன மாதம் ஒரு பல் மருத்துவர், அழாமல் பல் பிடுங்கிக்கொள்கிற குழந்தைகளுக்குக் கொடுப்பதற்காக ஒரு பெட்டி நிறையக் குட்டி வீரர் பதக்கம் அடித்து வாங்கிப் போனார். அந்தச் சொல்லைப் பொறிக்கும்போது நான் தலைநிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை, கை தானாக அடிக்கும். அதனால் அந்த வாசகத்தையும் அப்படியே மேசைமேல் போட்டுவிட்டு வேறு வேலையில் இருந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தாத்தா வழக்கம்போலக் கடைக்கு வந்தார். நீ இருந்த காலத்தில் இந்தப் பழக்கம் இல்லை, இப்போது தினமும் வருகிறார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்து, பித்தளைத் தகடுகளின்மேல் ஒட்டியிருக்கும் கண்ணாடித்தாளை உரித்துக் கொடுப்பார். ஒரு மூலையை நகத்தால் கிளப்பிவிட்டுக் கிழியாமல் ஒரே இழுப்பு. அது உரியும்போது ஒரு சத்தம் வருமே, அது அவருக்கு ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அன்றைக்கு இரண்டு தகடு உரித்தார், வாசகத் தாளை எடுத்துப் படித்தார், இது யாரைப் பற்றி என்று கேட்டார். நான் சிரித்துக்கொண்டே, உங்களைப் பற்றித்தான் மாமா, இன்னொருத்தர் இருக்காரா என்ன என்றேன். தாளை மடித்து வைத்தார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும், முப்பது வருஷம் மருமகளாக இருந்த அனுபவம் எதற்கு இருக்கிறது. கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னார். யுத்தத்தின் நடுவில் ஒரு நாள் வானத்தில் ஒரு எதிரி விமானத்தின் பின்னால் போய்விட்டாராம், அதை ஓட்டியவனிடம் குண்டு தீர்ந்துபோயிற்றோ எரிபொருள் தீர்ந்துபோயிற்றோ தெரியாது, அவன் திரும்பிவிட்டானாம்.

“வீட்டுக்குப் போயிட்டிருந்தாம்மா அவன். பின்னாடி போய் சுட்டேன். அது என் வேலை, செஞ்சேன். தப்புன்னுகூடச் சொல்ல வரல. ஆனா அதைத் தகட்டுல அடிச்சு என் கையில குடுக்காத.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா, அப்படின்னா என்ன போடட்டும் மாமா, சிறந்த வாடிக்கையாளர்னு போட்டுடவா என்றேன். என் நாக்குக்கு எப்போதுமே இந்த வியாதி உண்டு, பயம் வந்தால் முதலில் அதுதான் ஓடும். இரண்டு பேருமே சிரிக்கவில்லை. அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான், இந்த விழா நடக்காமல் நீ பார்த்துக்கொள் என்றார். அதோடு இன்னொன்றும் சொன்னார். “அவன்கிட்டச் சொல்லாதம்மா. அவனுக்கு நான் இப்படித்தான் வேணும்.” அவன் என்றால் உங்க அப்பா.

உங்க அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாததா. ஹோட்டலில் காபி கேட்டு டீ வந்தால், பரவாயில்லை இதுவும் சூடாகத்தானே இருக்கிறது என்று குடித்துவிட்டு வருகிற மனுஷன். யுத்தம் நடந்தபோது அவர் தவழ்கிற குழந்தை, ஆனால் பள்ளிக்கூடத்தில் பெரிய பையன்கள் வம்புக்கு வந்தபோதெல்லாம் எங்கப்பா ஃபைட்டர் பைலட் என்கிற ஒரு வரியை வைத்துத்தான் அடிவாங்காமல் தப்பித்தாராம், கல்யாணமான புதிதில் அவரே சொன்னது. அலுவலக மேசையில் கண்ணாடிக்கு அடியில் நீ போட்ட அதே படம்தான் இன்றைக்கும் இருக்கிறது, என் படம் இழுப்பறைக்குள் இருக்கிறது, அதைப் பற்றி இன்னொரு கடிதத்தில் சண்டை போடுகிறேன். விழா என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. அறிமுக உரை அவரையே பேசச் சொல்லிவிட்டார்கள். தினமும் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை. கதவுக்கு வெளியே எனக்குக் கேட்கும். எங்க அப்பா என்று ஆரம்பிப்பார், இருமுவார், தண்ணீரைத் திறந்துவிடுவார், மறுபடியும் எங்க அப்பா. அந்தக் கதவைத் தட்டி, நிறுத்துங்க, உங்க அப்பா முதுகைக் காட்டிப் போனவனைச் சுட்டாராம் என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள். என்னால் முடியவில்லை. குழாயும் அன்றிலிருந்து ஒழுகுகிறது, பிளம்பர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

சரி, அவரிடம்தான் சொல்ல முடியாது, நன்றியுரையிடம் பேசிப் பார்ப்போம் என்று போனேன். மாமாவுக்குத் தலைசுற்றல் என்றேன், மேடையிலேயே ஒரு மருத்துவரை உட்கார வைத்துவிடுகிறேன் அக்கா என்றார். படி ஏற முடியாது என்றேன், மறுநாள் மண்டபத்துக்குப் போய்ப் பார்த்தால் பலகை போட்டு சரிவுப்பாதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள், இரண்டு தச்சர்கள். கடைசியில் பொய்க்கெல்லாம் வழியில்லாமல் உண்மையையே அவிழ்த்துவிட்டேன், முழுசாக இல்லை, ஓரத்தை மட்டும். அவருக்கு அந்த வீரர் என்கிற சொல்லே பிடிக்கவில்லை, தன்னை அப்படிக் கூப்பிடவேண்டாம் என்கிறார் என்று சொன்னேன். பொடிசு, அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உண்மையான வீரன் எவனுமே தன்னை வீரன்னு ஒத்துக்க மாட்டான் அக்கா என்று சொல்லிவிட்டு, அந்த வரி தனக்கே ரொம்பப் பிடித்துப்போய், அழைப்பிதழில் முதல் பக்கத்தில் அதைப் போட்டுவிட்டார். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல விழா ஊதிப் பெருத்துக்கொண்டே போயிற்று, நான் பேசாமல் இருந்திருந்தால் நாலு நாற்காலியோடு முடிந்திருக்கும். என் கையில் மிச்சமிருந்தது கேடயம்தான். அதில் அரைப் பக்கத்தையும் விட்டுவிட்டு, அவர் பெயரையும் அவர் பறந்த வருஷங்களையும் மட்டும் அடித்தேன். பாதித் தகடு வெறுமையாக இருந்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. கேடயத்தை யாரும் படிப்பதில்லை, இத்தனை வருஷத் தொழிலில் நான் தெரிந்துகொண்ட ஒரே உண்மை அதுதான். அந்தப் பெரிய அதிகாரி எழுத்து இருக்கிற பக்கத்தைத் தன் வயிற்றில் அணைத்துக்கொண்டு, பின்னால் இருக்கிற வெல்வெட்டைச் சபைக்குக் காட்டியபடி படம் எடுத்துக்கொண்டார்.

விழா அன்றைக்கு சாயங்காலம் தாத்தா அந்தப் பழைய கோட்டைப் போட்டுக்கொண்டார், பொத்தான் சேரவில்லை, நான் உள்பக்கமாக ஒரு ஊக்கைக் குத்திவிட்டேன். குத்தும்போது, நீ முடிஞ்சதைப் பண்ணிட்டேம்மா, இனி நானே பேசிடறேன், அவன் கேட்டாலும் கேட்கட்டும், அவங்க ஒரு தடவை காதுல வாங்கிக்கிட்டாப் போதும் என்றார்.  மண்டபம் உனக்குத் தெரிந்ததுதான், பகலில் பூப்பந்து ஆடுவார்களே, தரையில் வெள்ளைக் கோடுகள் அப்படியே இருந்தன, அந்தக் கோடுகளுக்கு நடுவில் வரிசை வரிசையாக நாற்காலி. உன் அத்தை விமானியின் மகள் என்று சொல்லி முதல் வரிசையில் நடுவில் இடம்பிடித்து, பக்கத்து நாற்காலியில் கைப்பையையும் உட்கார வைத்தாள். உங்க அப்பா அறிமுக உரையை நன்றாகவே பேசினார், ஒரே இடத்தில்தான் இருமினார், அதற்கும் கைதட்டினார்கள். பேசிவிட்டு வந்து முன்வரிசையில் ஃபோனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுக்க ஆரம்பித்தார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், பரீட்சையில் முதல் மார்க் வாங்கின பையன் மாதிரி. அந்த நேரம் நன்றியுரை, இப்போது நம் நாயகர் உரையாற்றுவார் என்றார், தாத்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நான் மேடையில் மேசைக்குப் பின்னால் கேடயப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். மைக் செத்துவிட்டால், அவர் பாட்டுக்குப் பேசிவிடுவார், மனசு பாரம் குறையும், உங்க அப்பாவுக்கு ஒன்றும் காதில் விழாது, இரண்டு பேரையும் ஒரே இழுப்பில் காப்பாற்றிவிடலாம். அப்படித்தான் என் மூளைக்குத் தோன்றிற்று. குனிந்தேன், மேசைத் துணியைத் தூக்கினேன், உள்ளே போனேன்.

உள்ளே இரண்டு கறுப்பு வயர், இரண்டிலும் ஒரே மாதிரி டேப் சுற்றியிருந்தது. ஒன்றைப் பிடித்துப் பிடுங்கினேன். பெரிய அதிகாரிக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு ஒரு ஃபேன் வைத்திருந்தார்கள், சாயங்காலம் முழுக்க அது மாவு மில் மாதிரி இரைந்துகொண்டே இருந்தது, அதனால்தான் பின்வரிசையில் யாருக்கும் யார் பேச்சும் கேட்கவில்லை, அவரவர் கதையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பிடுங்கியது அதன் வயர். ஃபேன் நின்றது, மண்டபம் முழுக்க ஒரு அமைதி வந்தது, பேசிக்கொண்டிருந்தவர்கள்கூட என்னவோ ஏதோ என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மைக் உயிரோடு இருந்தது. நான் எந்தப் பேச்சை அடக்கப் பார்த்தேனோ அந்தப் பேச்சுக்கு நானே சபையை அடக்கிக் கொடுத்தேன். அந்த அமைதியில் தாத்தாவின் குரல் எத்தனை தெளிவாக வந்தது என்றால், மேசைக்கு அடியில் என் பல்லெல்லாம் அதிர்ந்தது.

“என்னை வீரன்னு சொல்றீங்க. நான் ஒருத்தனைச் சுட்டேன். அவன் சண்டைக்கு வரல, திரும்பிப் போயிட்டிருந்தான். விமானம் விழ ஆரம்பிச்சதும் பாராசூட் விரியுதான்னு ஒரு சுத்து சுத்திப் பார்த்தேன். எரிபொருள் கம்மியா இருந்துச்சு. இருந்தாலும் இன்னொரு சுத்து சுத்தினேன். விரியல.”

இந்தக் கடைசி விஷயத்தை அவர் என்னிடம் கடையில் சொல்லவில்லை. அங்கேதான் முதல் தடவையாகக் கேட்டேன், முட்டிபோட்டுக்கொண்டு, கையில் ஒரு பிளக்கை வைத்துக்கொண்டு.  சரி, சொல்லிவிட்டார், கேட்டுவிட்டார்கள், இனி என்ன ஆகுமோ ஆகட்டும் என்று எனக்குப் பயத்தோடு ஒரு நிம்மதியும் வந்தது. அப்போது எங்கோ நடுவில் ஒருத்தர் கைதட்டினார். பிறகு அவர் பக்கத்தில் இருந்தவர், பிறகு வரிசை வரிசையாக எல்லோரும், நாற்காலிகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். நன்றியுரை மைக்கைப் பிடித்துக்கொண்டு, எதிரிக்காகவும் வானத்தில் காத்திருந்த கருணை என்று தழுதழுத்தார். தாத்தா கையைத் தூக்கினார், நிறுத்துங்கள் என்று. அதைக் கையசைப்பதாக நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். இல்லைங்க, நான் சொல்ல வர்றது என்று ஆரம்பித்தார், அந்தக் குரல் தட்டலில் முங்கிப்போயிற்று. கொஞ்சம் காத்திருந்து மறுபடியும் ஆரம்பித்தார். பிறகு விட்டுவிட்டார். மேசைத் துணி இடுக்கு வழியாக நான் முன்வரிசையைப் பார்த்தேன், உங்க அப்பா ஃபோனைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார், கன்னமெல்லாம் ஈரம். அடப்பாவி மனுஷா, என்ன சொன்னார் என்று கேட்டாயா, அதற்கா தட்டுகிறாய் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. தாத்தா உட்காருவதற்காகக் குனிந்தபோது என்னைப் பார்த்துவிட்டார். நாலு காலில் நிற்கிற என்னையும் பார்த்தார், என் கையில் இருந்த பிளக்கையும் பார்த்தார்.  நான் பின்பக்கமாகவே நகர்ந்து வெளியே வந்தேன், நீ பார்த்தது அதைத்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் உங்க அப்பா, அப்பா நல்லாப் பேசினார்ல என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நடப்பதைச் சொன்னால் நீ சிரிப்பாய், நானும் முதலில் சிரித்தேன். தாத்தா பால் வாங்கப் போனால் வரிசையில் நிற்பவர்கள் விலகி வழிவிடுகிறார்கள், பள்ளிக்கூட வேனில் போகும் குழந்தைகள் சல்யூட் அடிக்கின்றன, முடிவெட்டப் போனவரை ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒருத்தரைப் பாதித் தலையோடு எழுப்பிவிட்டு உட்கார வைத்தார்களாம். இப்போது அவர் குப்பைத்தொட்டிப் பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறார். புதுத் தெருப்பலகையை வேறு எங்கும் இடமில்லாத மாதிரி அவர் அறை ஜன்னலுக்கு நேரே நட்டுவிட்டார்கள், வீரர் என்று பெரிய எழுத்தில் போட்டு அதற்குக் கீழே அவர் பெயர். காலையில் திரையை விலக்குவதில்லை. போன வாரம் மருந்துக்கடைக்காரர் விலாசம் கேட்டதற்குத் தாத்தா பக்கத்துத் தெருப் பெயரைச் சொல்லியிருக்கிறார், மருந்து அங்கே போய், யாருக்கு என்று தெரியாமல் திரும்பிப் போய்விட்டது. நன்றியுரையிடம் போய்ப் பலகையை நகர்த்தச் சொல்லலாம் என்று பார்த்தேன், போன தடவை நான் பேசப் போனதன் பலனைப் பார்த்தாயே, இன்னொரு தடவை போனால் சிலையே வைத்துவிடுவார்.

கடைக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. முதல் நாலைந்து நாள் வந்து உரித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தச் சொல் உள்ள தகடு வந்தால் உரிக்காமல் என் பக்கம் தள்ளிவிடுவார், நான் உரித்துக்கொள்வேன். நேற்று, தலையைத் தூக்காமலே, அன்னிக்கு எந்த வயரும்மா அது என்றார். ஃபேன் வயர் மாமா என்றேன். தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன், சிரிப்பு. ஒரு வயரைக்கூட ஒழுங்காப் புடுங்கத் தெரியல என்று சொல்லிச் சிரித்தார், நானும் சிரித்தேன், எதிரே கோப்பை வாங்க வந்திருந்தவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்து முடித்ததும், மைக்கைப் புடுங்கியிருந்தா நல்லா இருந்திருக்கும் இல்ல மாமா என்று கேட்டேன். கையில் இருந்த தாளை உருண்டையாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

“அதனால என்னம்மா ஆயிருக்கப் போவுது. காதுல விழாம தட்டியிருந்தா ஒரு நாளைக்கு இன்னொரு தடவ சொல்லிப் பார்க்கலாம்னு இருக்கும். இவங்க கேட்டுட்டுத்தான் தட்டினாங்க.”

நான் இயந்திரத்தைப் போட்டு யாருக்கோ ஏதோ அடித்தேன். உன்னிடம் இதையெல்லாம் எழுதுவது நீ ஏதாவது செய்வாய் என்பதற்காக இல்லை, அவ்வளவு தூரத்திலிருந்து நீ என்ன செய்ய முடியும், இவ்வளவு பக்கத்திலிருந்து நானே ஒன்றும் செய்யவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே எழுதியதை மாற்றுவதும் விடுவதும் உன் இஷ்டம், மாற்றினால் அதற்கும் கைதட்டுவார்கள். தாத்தாவிடம் பேசும்போது மட்டும் ராஜா மாதிரி, சிங்கம் மாதிரி என்று சொல்லாதே. சாப்பிட்டீர்களா என்று கேள். கோப்பைக் கடையில் அம்மா உங்களைச் சம்பளமில்லாமல் வேலை வாங்குகிறாளா என்று கேள், அதற்கு நிறையப் பதில் சொல்வார். அப்பா மண்டபத்தில் கேட்டதோடு இருக்கட்டும், தாத்தா கடையில் சொன்னது எதையும் அவரிடம் மூச்சுவிடாதே, தாத்தாவுக்கு நான் கொடுத்த வாக்கில் அதுவாவது நிற்கட்டும். தாத்தாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூட இருக்கிறது, மருந்து மாற்றியிருக்கிறார்கள், பயப்படும்படி இல்லை. என் முழங்காலுக்கு நீ எண்ணெய், பட்டை எதுவும் அனுப்ப வேண்டாம், தவழ்ந்தால் வலிக்காது என்று கண்டுபிடித்துவிட்டேன். பார்சல் எது அனுப்பினாலும் பழைய தெருப் பெயரையே எழுது, தபால்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன், வந்துவிடும். ராத்திரி வெகுநேரம் கணினியைப் பார்க்காதே, பார்த்தே தீர வேண்டுமென்றால் நிமிர்ந்து உட்கார்ந்து பார். அந்தத் தலையணையை மாற்று, மூன்றாவது தடவை சொல்லமாட்டேன், ஃபோனில்தான் சொல்வேன்.

உன் கையும் காலும் கழுத்தும் உன் சொல்படி கேட்டு, நீ தொட்ட காரியம் துலங்கி, உன்னைச் சுற்றி இருப்பவர்கள் நீ பேசினால் காதுகொடுத்துக் கேட்கிறவர்களாக அமைந்து, குறையில்லாமல் இருக்க வேண்டும் என்று நாங்கள் மூன்று பேரும் வாழ்த்துகிறோம்.

உன் நினைப்பிலேயே இருக்கும்,
அம்மா

பி.கு. உறையின்மேல் விலாசம் எழுதியது அப்பா, என் கையெழுத்தைத் தபால்காரர்கள் மதிப்பதில்லை. சாயங்காலம் அலுவலகம் விட்டுக் கடைக்கு வந்தவர் இப்போதுதான் எழுதிக் கொடுத்தார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன், பார்க்கக் கொடுக்கவில்லை. விழாவைப் பத்தியா எழுதியிருக்கே என்றார், பொதுவாக ஆமாம் என்றேன். அப்பா சுட்டாரே அந்த ஆளு, அவருக்கு அப்ப ஒரு கைக்குழந்தை இருந்துச்சு, அதையும் எழுதிட்டியா என்று கேட்டார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். நான் ஏழாவது படிக்கும்போதே எங்கம்மா எல்லாத்தையும் சொன்னாங்க என்றார், பசையைத் தேடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மாமா இதை மேடையிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை.